நெல் ஆலையும் கிரவல் வீதியும் நம் மூச்சும்: வன்னி வீடுகளில் வெளிக்காற்றின் நுண்துணிக்கையை அறிய எந்த முறை?

நெல் ஆலைக்குப் பின்னால் மலிவாக வந்த காணியை வாங்கலாமா? டிப்பர் ஓடும் கிரவல் வீதியோரத்தில் தொய்வு உள்ள பிள்ளையை வைத்திருப்பது எவ்வளவு கெடுதல்? கிளிநொச்சியில் நோயாளர் விவரத்தையும் காற்று மாசையும் சேர்த்துப் பார்க்க விரும்பும் மாணவர் எந்தத் தரவை நம்புவது? இந்த மூன்று கேள்விகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தேவைதான்: குறிப்பிட்ட ஒரு வீட்டில் வாழ்பவர் சுவாசிக்கும் வெளிக்காற்றில் நுண்துணிக்கை எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அதற்கு முறைகள் பல உண்டு. செலவில்லாததும் உண்டு, ஆய்வுகூடம் இல்லாமல் நடக்காததும் உண்டு. விலையைப் பார்த்துத் தெரிவு செய்தால் பிழையாகிவிடும். நமது வீட்டுக்கு வரும் புகை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே முறையைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நெருக்கம். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் புகைமூட்டம் வவுனியாவையும் முல்லைத்தீவையும் ஏறக்குறைய ஒரே அளவில் மூடும். உமி எரிக்கும் ஆலையின் புகையோ சில நூறு மீற்றரில் கூடிக் குறையும். முன்னதை அளக்கத் தூரத்துக் கருவி போதும், பின்னதற்குப் போதாது.

இரண்டாவது, துணிக்கையின் பருமன். 2.5 மைக்கிரோமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான துணிக்கைகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும்; இவற்றையே இங்கு சிறு துணிக்கை என்கிறேன். விறகு, உமி, குப்பை, டீசல் ஆகியவற்றின் புகை பெரும்பாலும் இந்த வகை. கிரவல் வீதியில் கிளம்பும் செம்மண் தூசின் பெரும்பகுதி இதைவிடப் பருமனானது. அதில் 10 மைக்கிரோமீற்றர் வரையுள்ள பங்கு மூச்சுக்குழாய்க்குள் போய்த் தொய்வைக் கிளப்பும். இரண்டையும் ஒரே கருவி ஒரே திறமையோடு அளப்பதில்லை. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, காலம். இன்று பிள்ளையை வெளியே விடலாமா என்ற கேள்விக்கு இன்றைய அளவு வேண்டும். பத்து வருடம் அந்த வீட்டில் வாழ்ந்தால் என்னவாகும் என்ற கேள்விக்கு ஆண்டுச் சராசரி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி சிறு துணிக்கைக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராம், 24 மணிநேரச் சராசரி 15. இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமத்தில் அவை முறையே 25, 50. இரண்டு அளவுகோல்களுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். "நியமத்துக்குள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த நியமம் என்று கேட்க வேண்டும்.

நான்காவது, அந்த எண் எங்கே போய் நிற்க வேண்டும்? குடும்பத் தீர்மானத்துக்கா, பிரதேச சபைக்கான முறைப்பாட்டுக்கா, ஆய்வேட்டுக்கா? ஐந்தாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவு. மின்சாரம், இணையம், துப்புரவு, பொறுப்பாக ஒரு ஆள் எல்லாம் அதில் சேரும்.

இவற்றோடு ஒரு விடயம். குளிர் நாடுகளில் அடைத்து வைத்த வீடுகளுக்குள் வெளித்துணிக்கையின் ஒரு பங்குதான் நுழையும். நமது வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே திறந்த இடைவெளி இருக்கிறது, யன்னல் பகல் முழுவதும் திறந்திருக்கிறது. வெளியே உள்ளது ஏறக்குறைய முழுமையாக உள்ளே வரும். ஆகவே இங்கு வாசலில் அளப்பது வீட்டுக்குள் வரும் வெளிமாசுக்கும் நல்ல அளவாகும். ஆனால் அடுப்புப் புகை, நுளம்புத்திரி, சாம்பிராணி ஆகியவை வேறு கணக்கு. அவை வெளிமாசுக் கணக்கில் கலந்துவிடக் கூடாது.

## அருகிலுள்ள அளவீட்டு நிலையம்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல நகரங்களில் வளித்தரத்தை அளந்து வெளியிடுகிறது. வவுனியாவும் யாழ்ப்பாணமும் அதன் அறிக்கைகளில் இடம்பெறும் நகரங்கள். நகர நிலையத்தின் எண்ணை எடுத்து நமது வீட்டுக்கும் அதுவே என்று கொள்வது மிக எளிய முறை.

புகைமூட்ட நாட்களில் இது நன்றாகவே வேலை செய்யும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்தபோது இந்தியப் பக்கத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மாசு நாடு முழுவதும் படர்ந்தது, 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அப்படியான நாளில் வவுனியாவின் எண் மாங்குளத்துக்கும் பொருந்தும், மல்லாவிக்கும் பொருந்தும். செலவும் இல்லை.

சாதாரண நாட்களில் அப்படி இல்லை. வவுனியா நகரத்திலிருந்து கிளிநொச்சி ஏ-9 வீதியில் எழுபது கிலோமீற்றருக்கு மேல். பரந்தனில் பக்கத்து வயலில் வைக்கோல் எரிகிறது என்பது வவுனியாக் கருவிக்கு எப்படித் தெரியும்? இந்த முறையின் மறைந்த செலவு பொய்யான ஆறுதல். நகரம் "நல்லது" என்று காட்டும் நாளிலும் ஆலையிலிருந்து காற்று வீசும் பக்கம் உள்ள வீட்டில் பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்.

கைத்தொலைபேசிச் செயலிகள் பற்றியும் சொல்ல வேண்டும். அவை உங்கள் ஊரின் பெயரைப் போட்டு எண் காட்டுவதால் அங்கே கருவி இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது கணினி மாதிரியின் கணிப்பு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உலக மாதிரியின் ஒரு சதுரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மாங்குளத்தில் தொடங்கினால் ஆனையிறவு அளவில் முடியும். அதற்குள் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே எண். மேலும் செயலி காட்டுவது வளித்தரச் சுட்டெண், மைக்கிரோகிராம் அல்ல. அமெரிக்கச் சுட்டெண்ணில் 100 என்றால் சிறு துணிக்கை 35 மைக்கிரோகிராம் அளவில் இருக்கிறது என்று பொருள்.

## செய்மதி வரைபடம்

செய்மதி துணிக்கையை நேரடியாக எண்ணுவதில்லை. நிலத்திலிருந்து வான் உச்சி வரையுள்ள காற்றுத் தூணில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கிறது. அந்த மங்கலை மாதிரிகளோடும் தரைநிலைய அளவீடுகளோடும் சேர்த்து நிலமட்டத்துக்கான அளவாக மாற்றுகிறார்கள். அமெரிக்காவின் சென் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இப்படி 1998இலிருந்து ஆண்டுச் சராசரிகளை 0.01 பாகைச் சதுரங்களாக, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்கு ஒன்றாக, இலவசமாகத் தருகிறது.

நீண்டகாலக் கேள்விக்கு இதற்கு ஈடு இங்கு எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு முன் வன்னியின் காற்று எப்படி இருந்தது என்று கேட்டால், போர்க்காலத்தில் இங்கே யார் கருவி வைத்து அளந்தார்கள்? செய்மதி மட்டுமே அந்த வருடங்களைப் பார்த்தது.

குறைகளை வன்னிக் கண்ணோடு பார்க்க வேண்டும். முகில் மூடினால் செய்மதிக்குக் கண் தெரியாது. வடகீழ்ப் பருவத்தில் நமக்கு முகில் அதிகம், கடல் கடந்து மாசு வருவதும் அதே பருவத்தில். வெற்றிடங்களை மாதிரி நிரப்புகிறது. அடுத்தது நேரம். டெரா செய்மதி காலை பத்தரை மணியளவிலும் அக்குவா பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் கடக்கும்படி அமைக்கப்பட்டவை. மாலையில் எரியும் குப்பையும், விடியற்காலையில் தாழ்வாகத் தேங்கி நிற்கும் புகையும் அவற்றின் கண்ணில் படுவதில்லை. நந்திக்கடல், சுண்டிக்குளம் போன்ற நீரும் நிலமும் கலந்த கரைகளில் கணிப்பு இன்னும் தடுமாறும். ஒரு கிலோமீற்றர் சதுரம் என்பதற்காக அந்தச் சதுரத்துக்குள் யாரோ நின்று அளந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கிராமத்தைக் கிராமத்தோடு ஒப்பிட இது உதவும், வீட்டை வீட்டோடு ஒப்பிட உதவாது.

## வீதியிலிருந்தும் ஆலையிலிருந்தும் தூரம்

வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஏ-9 வீதிக்கு எத்தனை மீற்றர், ஆலைக்கு எத்தனை மீற்றர் என்று குறிப்பது. எண்ணாக மைக்கிரோகிராம் கிடைக்காது, தரவரிசை மட்டும் கிடைக்கும். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. காற்றின் திசையைச் சேர்த்துக்கொண்டால் வன்னியில் இது நல்ல முறைதான், ஏனென்றால் நமது காற்று ஒழுங்கானது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், டிசெம்பர் முதல் மாசி வரை வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆலைக்கு வடகிழக்கே உள்ள வீடு சோளகம் முழுவதும் புகை குடிக்கும். தென்மேற்கே அதே தூரத்தில் உள்ள வீடு அந்த மாதங்களில் தப்பி, வாடையில் அகப்படும். பெரும்போக நெல் களத்துக்கு வந்து ஆலைகள் மும்முரமாக ஓடத் தொடங்குவதும் வாடை முடியுமுன்னேதான். தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு வீடும் ஒன்று.

பலவீனமும் தெளிவு. ஆலை இன்று உமி எரிக்கிறதா, புகைபோக்கி எவ்வளவு உயரம், வீதிக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களா என்று தூரம் சொல்லாது. கண்ணுக்குத் தெரியும் தூசும் ஏமாற்றும். வீதியோரத் தேக்கிலையில் செம்மண் பூசியிருப்பதைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள். அந்த இலையில் தங்கியது பெரும்பாலும் நுரையீரலுக்குள் போகாத பருமணி. பயப்பட வேண்டிய பங்கு அதோடு சேர்ந்து கிளம்பி, இலையில் படியாமல் மிதந்துகொண்டிருக்கிறது.

## வாசலில் வைக்கும் மலிவுச் சென்சர்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், சொல்லவும் அதிகம் இருக்கிறது.

சிறு மின்விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது, லேசர் ஒளி குறுக்கே பாய்கிறது, துணிக்கை சிதறடிக்கும் ஒளியை வைத்துக் கருவி எடையை ஊகிக்கிறது. உதிரிச் சென்சர் மலிவு. பர்ப்பிள்எயார் போன்ற முழுமையான கருவிகள் சில நூறு அமெரிக்க டொலர். நிமிடத்துக்கு நிமிடம் அளவு தருவதால் குப்பை எப்போது எரிந்தது, ஆலை எப்போது தொடங்கியது என்பதெல்லாம் வரைகோட்டில் அப்படியே எழும்பி நிற்கும். ஒரு வீட்டின் கதையைச் சொல்வதில் வேறு எந்த முறையும் இதன் அருகில் வராது.

ஆனால் முதல் சிக்கல் ஈரம். மார்கழிப் பனி விழும் விடியலில் துணிக்கை நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவி அதை மாசு என்று எண்ணும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகமை பர்ப்பிள்எயாருக்கு 2021இல் வெளியிட்ட திருத்தச் சமன்பாட்டைப் பாருங்கள்: காட்டிய அளவை 0.524 ஆல் பெருக்கி, ஈரப்பத வீதத்தின் 0.0862 பங்கைக் கழித்து, 5.75 ஐக் கூட்ட வேண்டும். கருவி 80 காட்டுகிறது, ஈரப்பதம் 85 வீதம் என்றால் திருத்திய அளவு 40 அளவில் வரும். அரைவாசி! அந்தச் சமன்பாடு அமெரிக்கக் காற்றுக்குப் பொருத்திச் செய்தது. உமிப்புகைக்கும் கடலுப்புக்கும் அது அப்படியே செல்லுபடியாகாது. அரச நிலையம் ஒன்றின் அருகில் சில வாரங்கள், மழைக்காலத்திலும் வறட்சியிலும், வைத்து ஒப்பிட்ட பிறகே தனி எண்ணை நம்பலாம்.

இரண்டாவது சிக்கல் செம்மண். பருமனான துணிக்கையைச் சின்ன விசிறி ஒழுங்காக உள்ளிழுப்பதில்லை. இவ்வகைக் கருவி காட்டும் 10 மைக்கிரோமீற்றர் அளவு பெரும்பாலும் சிறு துணிக்கையிலிருந்து ஊகித்த எண். டிப்பர் போய்ச் செந்தூசு கண்ணை மறைக்கும் நேரத்திலும் கருவி அமைதியாக இருக்கலாம். கிரவல் வீதியோரத் தாய் அதைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அது ஆபத்து. தூசுதான் உங்கள் கவலை என்றால் இந்தக் கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மறைந்த செலவுகள் இனி. எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறும். மின்வெட்டில் தரவு அறுபடும், இணையம் விழுந்தாலும் அப்படியே. எஸ்.டி.எஸ்.011 என்ற பரவலான சென்சரின் லேசருக்கு 8,000 மணிநேர ஆயுள் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஓயாமல் ஓடினால் ஒரு வருடம்கூட இல்லை. வைக்கும் இடமும் முக்கியம். குசினிப் பக்கத் தாழ்வாரத்தில் வைத்தால் உங்கள் அடுப்பை அளப்பீர்கள். அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில், நிழலில், மழை படாமல், மூக்கு உயரத்தில் வைக்க வேண்டும்.

ஒரு நல்ல கருவிக்குப் பதில் ஒரே வகையில் இரண்டு மலிவுக் கருவிகள் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. ஒன்றை ஆலையருகே உள்ள வீட்டில், மற்றதை ஓரிரு கிலோமீற்றர் தள்ளி, ஆலைக்குக் காற்று வரும் பக்கத்தில் உள்ள ஒரு வீட்டில் வையுங்கள். ஈரமும் கடல்கடந்த மூட்டமும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடும். கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஆலையின் பங்கு. தொடங்குமுன் ஒரு வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும், இடையில் இடம் மாற்றியும் பார்க்க வேண்டும். இதனால் தனி எண்ணின் துல்லியம் கூடாது. ஆனால் "ஆலையால் கூடுகிறதா, எவ்வளவு கூடுகிறது" என்ற கேள்விக்கு ஒரு குடும்பமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ தாங்கக்கூடிய செலவில் கிடைக்கும் மிக நேர்மையான விடை இதுதான்.

## வடிதாளில் பிடித்து நிறுப்பது

பம்பி காற்றை இழுக்கும், குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்டதை வாய்ப்பகுதி தடுத்துவிடும், மீதி வடிதாளில் படியும். முன்னும் பின்னும் நிறுத்து வித்தியாசத்தைக் காற்றின் கனவளவால் வகுத்தால் விடை. மற்ற எல்லா முறைகளும் கடைசியில் இதனோடுதான் ஒப்பிடப்படுகின்றன. பருமனான தூசையும் உரிய வாய்ப்பகுதி போட்டால் சரியாகப் பிடிக்கும்.

நிமிடத்துக்கு 16.7 லீற்றர் வேகத்தில் ஒரு நாள் இழுத்தால் 24 கனமீற்றர் காற்று. அதில் கனமீற்றருக்கு 25 மைக்கிரோகிராம் இருந்தால் வடிதாளில் சேருவது 600 மைக்கிரோகிராம், ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஆறு பங்கு. இதை நிறுக்க ஒரு மைக்கிரோகிராம் வரை காட்டும் தராசும், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையும் வேண்டும். விரல் பட்டால் கணக்குக் கெட்டுவிடும். ஆகவே பல்கலைக்கழகமோ அரச ஆய்வுகூடமோ துணை நின்றால் மட்டும் நடக்கும் வேலை. அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களின் மாணவர்களும் வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்களும் முயல வேண்டிய முறை இது. வடிதாளைப் பகுப்பாய்வு செய்தால் பொற்றாசியம் கூடினால் விறகு, வைக்கோல் வகைப் புகை, சிலிக்கனும் அலுமினியமும் கூடினால் மண் என்று மூலத்தையும் அடையாளம் காணலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு வழி, பல இடங்களில் அளந்து, வீதி நீளம், குடிசனம், காணிப்பயன்பாடு ஆகியவற்றோடு தொடர்பு கண்டு அளக்காத வீடுகளுக்கும் கணிப்பது. காற்று மாசின் உடல்நல விளைவை ஆராய்ந்த ஐரோப்பாவின் எஸ்கேப் ஆய்வு ஒரு பகுதிக்கு 20 இடங்களில் துணிக்கையை அளந்து இப்படிச் செய்தது. வன்னியில் கிராமிய வீதிகளுக்கு வாகன எண்ணிக்கை கிடைப்பது அரிது என்பதால், கிரவல் வீதி எது, தார் வீதி எது, ஆலை எங்கே என்று நேரில் போய்க் குறிக்காமல் இதில் இறங்குவது வீண்.

## ஒரே பார்வையில்

| முறை | எவ்வளவு நெருக்கம் | செம்மண் தூசு | மறைந்த செலவு | எப்போது இதுவே நல்லது |
|---|---|---|---|---|
| நகர நிலையம் | நகரம் | நிலையத்தருகே மட்டும் | பொய்யான ஆறுதல் | புகைமூட்ட நாள் |
| செய்மதி | கிராமம் | சிறு துணிக்கை மட்டும் | முகில் நாட்களின் ஊகம் | பல வருடச் சராசரி, கடந்த காலம் |
| தூரமும் காற்றுத் திசையும் | வீடு, தரவரிசை மட்டும் | ஓரளவு | எண் இல்லை | காணி தெரிவு, முதற்படி |
| இரட்டைச் சென்சர் | வீடு | தவறவிடும் | பராமரிப்பு, ஒப்பீட்டு வாரங்கள் | ஆலை, குப்பை, வைக்கோல் புகை |
| வடிதாள் | வீடு | சரியாகப் பிடிக்கும் | ஆய்வுகூடம், ஆள் | ஆய்வு, தூசு, மூலம் அறிதல் |

## யாருக்கு எது

ஆய்வு மாணவருக்கு: செய்மதியை அடித்தளமாக எடுங்கள், சில இடங்களில் வடிதாளால் சரிபாருங்கள். வீட்டு முகவரியை வைத்துக் கணிக்கும்போது நாளின் பெரும்பகுதி வயலிலோ டிப்பரிலோ இருப்பவருக்கு அந்த எண் பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் நன்றாகப் பொருந்தும்.

முறைப்பாடு செய்ய விரும்புவோருக்கு: மலிவுச் சென்சரின் எண்ணை மட்டும் நீட்டினால் எந்த அலுவலகமும் தீர்ப்பாக எடுக்காது. திகதி, நேரம், காற்றுத் திசை, புகைப்படம் ஆகியவற்றோடு இரட்டைச் சென்சரின் வரைகோட்டையும் சேர்த்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் முறைப்படி அளக்கக் கேளுங்கள். நெல் ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதன் நிபந்தனைகளைக் கேட்டறிய அயலவருக்கு நியாயம் உண்டு. அதே ஆலையில் கூலி வேலை செய்யும் குடும்பங்களும் உங்கள் ஒழுங்கையில்தான் இருக்கின்றன. தரவை முகநூலில் போடுமுன் ஆலைக்காரரிடமும் அவர்களிடமும் காட்டிப் பேசுங்கள். புகைபோக்கியை உயர்த்துவதும் சாம்பல் பிடிக்கும் அமைப்பைப் பொருத்துவதும் பகையால் நடந்ததை விடப் பேச்சால் நடந்தது அதிகம் என்பது என் அனுபவம்.

கிரவல் வீதியோரத் தாய்க்கு: சென்சர் வேண்டாம். அந்தப் பணம் தண்ணீர் தெளிப்பதற்கும், வேலியோரம் அடர்த்தியாக மரம் வைப்பதற்கும், பிள்ளை படுக்கும் அறையை வீதிக்கு எதிர்ப்பக்கம் மாற்றுவதற்கும் போகட்டும். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்தால் வடிதாள் அளவீட்டுக்குப் பல்கலைக்கழகத்தை அணுகலாம். வீதியைத் தாரிடக் கேட்கும் மனுவுக்கு அந்த எண் பலம் தரும்.

காணி வாங்குபவருக்கு ஒரு வருடம் காத்திருந்து அளக்க நேரம் இருக்காது. காணியிலிருந்து ஆலை எந்தத் திசையில் என்று முதலில் குறியுங்கள். ஆலை முழுமூச்சாக ஓடும் நாளில், காற்று ஆலையிலிருந்து காணிப் பக்கம் வரும்போது, இரவல் வாங்கியாவது இரண்டு சென்சர்களை ஒரு வாரம் வையுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடியில் உடுப்புக் காயப்போடாத மாதங்கள் எவை என்று கேளுங்கள். உமிச் சாம்பல் வெள்ளை வேட்டியில் கரும்புள்ளியாக விழும் மாதத்தை அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். இந்த மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் முற்பணம் கொடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அது போதும். மூன்றும் முரண்பட்டால் அடுத்த காற்று மாறும் வரை முற்பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.